கரண்ட் ஸ்போர்ட்ஸ் காரா, பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரா? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் டயர், வீல் அலைன்மென்ட் கடை வைத்து 19 வருஷம் ஆகிறது. வண்டி ஜாக்கியில் ஏறி நிற்கும் அரை மணி நேரம், வண்டிக்காரருக்கும் எனக்கும் பேச்சு நேரம். முன்பெல்லாம் டீசலா பெட்ரோலா என்றுதான் கேட்பார்கள். இப்போது வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள், பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகள், ஜங்ஷன் பக்கத்து வியாபாரிகள் என்று பலரும், வேகமாகப் போகிற வண்டி ஒன்று வாங்கணும், கரண்ட்டா பெட்ரோலா என்று கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். தம்பியிடம் மஹிந்திரா பி.இ. 6 என்ற கரண்ட் கார். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

1. அண்ணாச்சி, ஸ்போர்ட்ஸ் கார்னா ரெண்டு கதவு, ரெண்டு சீட்டுதான் இருக்கணுமா?

அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் எதை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அசல் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கரண்ட்டில் எம்.ஜி. சைபர்ஸ்டர், நாலு கதவோடு போர்ஷே டைகான். பெட்ரோலில் போர்ஷே 911, பி.எம்.டபிள்யூ. எம்2. அடுத்த படியில் கரண்ட்டில் பி.ஒய்.டி. சீல், கியா ஈ.வி.6. பெட்ரோலில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ., சென்னைப் பக்கமே பாகங்களைப் பூட்டி வருகிற பி.எம்.டபிள்யூ. எம்340ஐ. நம் கடைக்கு அதிகம் வருவது மூன்றாவது படி: ஒரு பக்கம் பி.இ. 6, இன்னொரு பக்கம் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டர்போ பெட்ரோல். பி.இ. 6 உருவத்தில் எஸ்.யு.வி.தான். ஆனாலும் பின் சக்கரம் தள்ளுகிற, 100 கிலோமீட்டர் வேகத்தை 6.7 வினாடியில் தொடுகிற வண்டியை இந்தக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

2. கரண்ட் வண்டி ஒரு ஸ்போர்ட்ஸ் காரா? நேத்து வந்த பொம்மைலா அது?

1899-இல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டிய கார் கரண்ட் கார்தான். பெல்ஜியத்துக்காரர் கமில் ஜெனாட்ஸி பாரிஸ் பக்கத்தில் ஓட்டிக் காட்டினார். அப்போது வேகத்தில் பெட்ரோல் கார் பின்தங்கித்தான் இருந்தது. பேட்டரி கனமாகவும் சீக்கிரம் தீர்வதாகவும் இருந்ததால் பெட்ரோல் ஜெயித்தது. இப்போது பேட்டரி தேறிவிட்டது, போட்டி மறுபடி சமமாகியிருக்கிறது. நேற்று வந்தது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிட்டு இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

3. பிக்அப் எதுல ஜாஸ்தி?

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கரண்ட். இதில் வாதமே இல்லை. பெட்ரோல் இன்ஜினுக்கு முழு இழுவை வர ஆர்.பி.எம். ஏற வேண்டும், டர்போ சுழல வேண்டும், கியர் மாற வேண்டும். மோட்டாருக்கு முழு இழுவையும் முதல் சுற்றிலேயே இருக்கிறது. சைபர்ஸ்டர் 3.2 வினாடியிலும் சீல் பெர்ஃபார்மன்ஸ் 3.8 வினாடியிலும் நூறைத் தொடுகின்றன. எம்340ஐ-க்கு 4.4 வினாடி ஆகும், சீலை விட அது பல லட்சம் விலை கூட.

ஆனால் அந்த 3.8 வினாடியை நம் ஊரில் எத்தனை முறை செலவழிப்பீர்கள்? வண்ணார்பேட்டை சிக்னலிலா? முதல் மாதம் ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டுவீர்கள், அப்புறம் பழகிவிடும். தினம் தினம் உதவுவது 60-லிருந்து 100 போகிற இழுவை. தென்காசி ரோட்டில் லாரியை முந்தும்போது எதிர்ப்பக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பது உயிர் விஷயம். அதிலும் கரண்ட் வண்டி கியர் இறக்காமல், யோசிக்காமல் போய்விடும்.

4. வீட்ல சார்ஜ் போட தனியா என்ன செய்யணும்? ஏ.சி. பிளக்ல மாட்டுனா போதாதா?

என் கணக்கில் இந்தத் தேர்வையே முடிவு செய்கிற கேள்வி இதுதான். வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது? சொந்த வீட்டு போர்ட்டிகோவிலா, டவுன் ரதவீதி வாடகை வீட்டு வாசலிலா, அடுக்குமாடியின் பொது பார்க்கிங்கிலா? ராத்திரி நிற்கும் இடத்தில் உங்கள் பேரில் மீட்டரும் ஒயரும் இல்லையென்றால் கரண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்காதீர்கள். பொது சார்ஜரை மட்டும் நம்பி வாரா வாரம் ஓட்டுவது சலித்துவிடும்.

15 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட்தான் ஏறும். 77 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். சுவர்ச் சார்ஜர் ஒற்றை பேஸில் 7.4 கிலோவாட், மூன்று பேஸில் 11 கிலோவாட். 7.4-இல் ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு நிறைந்துவிடும். இதற்கு ஈ.பி.யில் உங்கள் அனுமதிச் சுமையைக் கூட்ட மனுக் கொடுக்க வேண்டும். மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் வேண்டும்.

எர்த்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். பாறையும் செம்மண்ணுமாக இருக்கிற இடங்களில் எர்த் குழி கோடையில் காய்ந்துபோகும். தம்பி வீட்டில் சார்ஜர் மாட்டிய முதல் வாரம் பாதி ராத்திரியில் நின்று நின்று போனது. வண்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தை அளந்து பார்த்துப் புதுக் குழி போட்ட பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரில் மட்டும் காரைச் சார்ஜ் போட முயல வேண்டாம்.

5. ஈ.பி. பில் எகிறிராதா?

எகிறும். ஆனால் பெட்ரோல் செலவை விடக் குறைவாகத்தான் எகிறும். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரசித்து ஓட்டினால் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும். இரண்டு மாதத்துக்கு 200 லிட்டர், 20,000 ரூபாய்க்கு மேல். கரண்ட் வண்டி, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் என்றால் அதே தூரத்துக்கு 400 யூனிட்.

நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேல் படிகளின் விலை கூடுவதோடு கீழ்ப் படியின் விலையும் மாறும். ஏற்கெனவே 400 யூனிட் ஓடுகிற வீட்டில் காருக்கு இன்னொரு 400 சேர்ந்தால் பில் சுமார் 4000 ரூபாய் கூடும். மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நாளுக்குச் சுமார் 12 யூனிட் வரும், காருக்கு அதுவே போதும். பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் சோலார் செல் தொழிற்சாலையே வந்துவிட்டது. வெயிலுக்கு நம் ஊரில் குறைவா என்ன!

6. ஒரு சார்ஜுக்கு அறுநூறு சொச்சம் கிலோமீட்டர்னு போட்ருக்கான். நம்பலாமா?

அது ஆய்வுக்கூடத்தில், உருளை மேல் சக்கரம் சுற்ற, சராசரி வேகம் குறைவாக வைத்து அளந்த எண். நான்கு வழிச்சாலையில் ஏ.சி. போட்டு 100-இல் போனால் அதில் 65-லிருந்து 75 சதவீதத்தை எதிர்பாருங்கள். பி.இ. 6-இன் 79 யூனிட் பேட்டரியில் எங்களுக்கு நெடுஞ்சாலையில் 430, 450 வருகிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் கூடும். பெட்ரோல் வண்டியில் இது தலைகீழ்: நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும், ஊருக்குள் குறையும்.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் நூறில் நிற்க மாட்டார் என்பதையும் கணக்கில் சேருங்கள். காற்றுத் தடை வேகத்தின் இருமடியில் ஏறும். 100-லிருந்து 140-க்குப் போனால் காற்றை எதிர்க்க மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும்.

7. நாகர்கோவில் போகும்போது சார்ஜ் மளமளன்னு இறங்குது, திரும்பும்போது இறங்கவே மாட்டேங்குது. பேட்டரி கோளாறா?

கோளாறு இல்லை, காற்று! வெளியூர்க் கட்டுரை எதிலும் இதைப் பார்க்க முடியாது. நாங்குநேரி தாண்டி வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி என்று ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் நிற்கின்றன. வீம்புக்கா நட்டு வைத்திருக்கிறார்கள்? வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று கணவாய் வழியாகப் பாய்கிறது, நாம் அதற்கு நேரே போகிறோம்.

போன கேள்வியில் சொன்ன இருமடிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 100-இல் போகிறீர்கள், எதிர்க்காற்று 35 கிலோமீட்டர் என்றால் வண்டி உணர்வது 135. காற்றுத் தடை 80 சதவீதம் கூடுகிறது, மொத்தச் செலவு ஒன்றரை மடங்கு ஆகிவிடும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், வண்டி உணர்வது 65 மட்டும். ஆடி மாதம் தம்பியும் நானும் போனபோது போகிற 80 கிலோமீட்டருக்கு 22 யூனிட், வருகிற 80-க்கு 10 யூனிட் ஆனது. சாரல் நேரத்தில் தென்காசிப் பக்கம் போனாலும் செங்கோட்டைக் கணவாய்க் காற்று இதே வேலையைச் செய்யும்.

பெட்ரோல் வண்டிக்கும் இதே காற்றுதான். ஆனால் முள் கொஞ்சம் வேகமாக இறங்கும், நாம் கவனிக்க மாட்டோம். வழியில் பங்க் இருக்கிறது. கரண்ட் வண்டி ஒவ்வொரு யூனிட்டையும் கண்ணுக்கு முன்னால் காட்டுவதால் பதற்றம் வருகிறது. காற்றுக் காலத்தில் தெற்கே போனால் வழக்கத்தை விட 30 சதவீதம் கூடுதல் சார்ஜோடு கிளம்புங்கள்.

8. மதுரை, சென்னை போனா வழியில சார்ஜ் கிடைக்குமா?

மதுரை 160 கிலோமீட்டர்தான், போய்த் திரும்ப வீட்டுச் சார்ஜே போதும். திருவனந்தபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர், குற்றாலம் எல்லாமே அப்படித்தான். நெல்லை மாவட்டத்துக்காரர் வருஷத்தில் ஓட்டும் தூரத்தில் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

சென்னை 620 கிலோமீட்டர். வழியில் ஒன்றோ இரண்டோ நிறுத்தம் வேண்டும். நான்கு வழிச்சாலையில் வேகச் சார்ஜர்கள் இருக்கின்றன. ஆனால் அதன் வேகம் என்ன என்று பாருங்கள். ஈ.வி.6 மாதிரி வண்டி 350 கிலோவாட் சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதம் 18 நிமிஷத்தில் ஏறும் என்பது உண்மைதான். அதே வண்டியை 60 கிலோவாட் சார்ஜரில் போட்டால் ஒரு மணி நேரம், 30 கிலோவாட்டில் இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் அதிகம் இருப்பது இந்தச் சின்னச் சார்ஜர்கள்தான்.

விருதுநகர் தாண்டி ஓர் இடத்தில் செயலியில் பச்சை காட்டியதை நம்பிப் போனோம். போனால் சார்ஜர் செத்துக் கிடந்தது. பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வழக்கம், 10 சதவீதம் வரை இறக்காமல் 30-இலேயே தேடுவது, ஒரு இடத்தை மனதில் வைத்தால் அடுத்த இடத்தையும் சேர்த்து வைப்பது. மாதம் இரண்டு தடவை சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட்டிப் போகிறவரா நீங்கள்? பெட்ரோல் எடுங்கள்.

9. மலை ரோட்ல எது நல்லா இருக்கும்?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் இறங்குகிற ரோடு என் வாழ்க்கையில் நான் அதிகம் ரசித்து ஓட்டிய ரோடு. அங்கே என் பெட்ரோல் வண்டியைத்தான் எடுப்பேன். காரணம் எடை. போர்ஷே 911 ஒன்றரை டன் அளவில் இருக்கிறது. சைபர்ஸ்டர் இரண்டு சீட்டுதான், ஆனாலும் இரண்டு டன்னுக்குப் பக்கம். சீல் பெர்ஃபார்மன்ஸ் இரண்டு டன்னுக்கு மேல். கரண்ட் வண்டியின் எடை தரையோடு இருப்பதால் வளைவில் சாயாது, நேரே நிற்கும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்து, திருப்பி, மறுபடி கிளப்பி, அடுத்த வளைவுக்குப் போகும்போது அந்த அரை டன் கைக்கும் டயருக்கும் தெரியும். லேசான வண்டி நம் பேச்சைக் கேட்பது போல இருக்கும்.

ஏற்றத்தில் கரண்ட் வண்டி மூச்சே வாங்காது. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஏறச் செலவழித்த சக்தியில் பாதிக்கு மேல் திரும்பி வரும், பிரேக் சூடாகாது. மலைக்கு மேலேயே சார்ஜ் நிறைத்துவிட்டு இறங்கினால் மட்டும் திரும்பி வரும் சக்தியை வாங்க பேட்டரியில் இடம் இருக்காது. அப்போது மோட்டார் பிடிப்பு குறைந்து, கால் பிரேக்கையே அதிகம் நம்ப வேண்டிவரும். மேலே 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. கியர் மாத்தி ஓட்டுறதுதான் எனக்கு சொகம். கரண்ட்ல உண்டா?

கிடையாது. டைகானில் பின்பக்கம் இரண்டு கியர் இருக்கிறது, அதையும் அதுவே மாற்றிக்கொள்ளும். கிளட்ச், கியர் லீவர் வேண்டும் என்றால் பெட்ரோல்தான். அதிலும் ஆட்டோமேட்டிக்கே பெருகி வருகிறது. எம்2-வில் ஆறு கியர் மேனுவல் இன்னும் தருகிறார்கள். கீழே 1.5 டர்போ செடான்களில் கிடைக்கிறது. இந்தச் சுகம் உங்களுக்கு முக்கியம் என்றால் மேனுவல் கிடைக்கும்போதே வாங்கிவிடுங்கள், தள்ளிப் போட வேண்டாம்.

11. சத்தமே இல்லாம போனா ஆடு மாடு ஒதுங்குமா?

ஒதுங்காது. மெதுவாகப் போகும்போது மனிதர்களே கவனிப்பதில்லை. மேலப்பாளையம் சந்தை நாளில் ஊர்ந்து போகையில் ஹாரன் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். கங்கைகொண்டான் பக்கம் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது, மயிலும் குறுக்கே வரும். அங்கே எந்த வண்டியானாலும் வேகம் குறையுங்கள்.

சத்தத்தின் சுகம் வேறு பேச்சு. ஆறு சிலிண்டர் இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.மில் போடும் சத்தத்துக்கு ஸ்பீக்கர் சத்தம் ஈடாகாது. பெட்ரோல் வண்டி வாங்கி சைலன்சரை மாற்றுவது மட்டும் வேண்டாம். அது சட்டப்படி தவறு, தெருவில் குழந்தைகள் தூங்க முடியாது.

12. நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டாதா?

தட்டும். இதற்காகவே என் கடைக்கு வருகிறவர்கள் நிறைய. விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படிப் போட்டால் தாழ்ந்த காரும் தாண்டிவிடும். ஊர் ஜனங்கள் சிமென்ட்டைக் குவித்துப் போட்ட தடைகளில் உயரம் 15, 20 சென்டிமீட்டர், அகலம் ஒரு அடி. ஸ்போர்ட்ஸ் கார்களின் தரை இடைவெளி பெரும்பாலும் 11-லிருந்து 14 சென்டிமீட்டர். முன் சக்கரம் தாண்டும், நடு வயிறு உட்காரும்.

பெட்ரோல் காரில் அந்த நடு வயிற்றில் சைலன்சர் குழாய் இருக்கும். நசுங்கினால் நிமிர்த்தலாம், மாற்றலாம். கரண்ட் காரில் அங்கே இருப்பது பேட்டரிப் பெட்டி, வண்டி விலையில் பெரும்பங்கு அதுதான். அடியில் கவசத் தகடு இருக்கிறது, ஒரு உரசலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தகடு உள்ளே அமுங்கியிருந்தால் உடனே சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். வாங்கும் முன் உங்கள் தெரு முனையிலிருந்து மெயின் ரோடு வரை இருக்கிற தடைகளை நடந்தே எண்ணிப் பாருங்கள். பி.இ. 6-க்கு 207 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் எங்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதே உயரத்தால்தான் வளைவில் அது அசல் ஸ்போர்ட்ஸ் கார் போல ஆவதில்லை.

13. டயர் சீக்கிரம் போவுமாமே?

என் தொழில், உறுதியாகச் சொல்வேன்: போகும். எடையும் உடனடி இழுவையும் சேர்ந்தால் தேய்வது ரப்பர்தான். மிதமாக ஓட்டினால் 35,000 கிலோமீட்டர் வரும், சிக்னலுக்குச் சிக்னல் அழுத்தினால் 20,000-இலேயே பின் டயர் வழுக்கையாகி வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். கனமான வண்டிக்கென்று கூடுதல் சுமைக் குறியீடு உள்ள டயரே போட வேண்டும். அளவு ஒன்றுதானே என்று சாதா டயர் போடாதீர்கள். பதிலுக்கு பிரேக் பேட் பல வருஷம் வரும், மோட்டாரே பாதி நிறுத்திவிடுகிறது.

14. 2023 டிசம்பர் மாதிரி வெள்ளம் வந்தா?

அந்த இரண்டு நாளை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. வடிந்த பிறகு என் கடைப் பக்கம் இழுத்து வந்த பெட்ரோல் வண்டிகளில் பலவற்றுக்கு ஒரே காரணம்: தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் காற்றுக் குழாய் வழியாக நீர் சிலிண்டருக்குள் போய், கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. கரண்ட் வண்டிக்கு மூச்சுக் குழாய் இல்லை. பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் ஐ.பி.67 தரம், அதாவது ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும்.

அதனால் முழங்கால் நீரைக் கடக்க கரண்ட் வண்டிக்கு அனுகூலம். ஆனால் ராத்திரி முழுக்க முங்கிக் கிடந்தால் கதை வேறு. அப்படி முங்கிய கரண்ட் வண்டியை ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள். உள்ளே போன நீர் நாள் கழித்தும் ஷார்ட் ஆக்கலாம், கடல்நீர் கலந்திருந்தால் ஆபத்து கூடுதல். எந்த வண்டியானாலும் இன்ஷூரன்ஸில் இன்ஜின் அல்லது பேட்டரிப் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்து வையுங்கள்.

15. சித்திரை வெயில்ல பேட்டரி வெடிச்சிராதா?

வெயிலில் நிற்பதால் வெடிக்காது. இந்த வண்டிகளில் பேட்டரிக்குத் தனிக் குளிர்விப்பு ஓடுகிறது. கார் பேட்டரிப் பாதுகாப்புக்கு ஏ.ஐ.எஸ்.-038 என்ற தரவிதியும் உண்டு. தீப்பிடித்தால் பெட்ரோல் தீயை விட அணைப்பது கடினம் என்பதும் உண்மை, அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும்.

வெயில் செய்வது வேறு: பேட்டரியை மெல்ல மெல்ல முதுமையாக்கும். நிழலில் நிறுத்துங்கள், ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். சீல், பி.இ. 6 இரண்டிலும் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட், அது சூட்டை நன்றாகத் தாங்கும், அவ்வப்போது 100 வரை ஏற்றலாம். நிக்கல் கலந்த பேட்டரி என்றால் தினசரி 80-இல் நிறுத்துங்கள். பேட்டரி உத்தரவாதம் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலான வழக்கம்.

16. கோயம்புத்தூர் டிராக்குக்குக் கொண்டு போகணும்னு ஆசை. எது தாங்கும்?

பெட்ரோல். கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை இருங்காட்டுக்கோட்டை எதுவானாலும் தொடர்ந்து முழு அழுத்தத்தில் சுற்றினால் பேட்டரி சூடாகி வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். டைகான் மாதிரி வண்டிகள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் சார்ஜ் தீர்ந்தால் அன்றைய ஓட்டம் பாதியில் நின்றுவிடும். பெட்ரோல் ஐந்து நிமிஷத்தில் நிரப்பலாம்.

17. ரிப்பேர் வந்தா எங்க போறது?

விலை உயர்ந்த வண்டிக்கு, எந்த எரிபொருளானாலும், நம் ஊரில் கை வைக்க ஆள் குறைவு. போர்ஷே என்றால் சென்னை அல்லது கொச்சி. கரண்ட் வண்டிக்கு இன்ஜின் ஆயில், பிளக், கிளட்ச், பெல்ட் எதுவும் இல்லாததால் போக வேண்டிய தேவையே குறைவு. ஆனால் போக வேண்டிவந்தால் அந்தக் கம்பெனி தவிர வேறு வழி கிடையாது. பெட்ரோல் வண்டியில் பாதி வேலையை நல்ல மெக்கானிக் இங்கேயே செய்துவிடுவார்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கரண்ட் வண்டி நின்றால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், கெட்டுவிடும். முழுதாகத் தூக்கி ஏற்றும் தட்டு வண்டிதான் வேண்டும். அதன் நம்பரை போனில் இப்போதே சேமியுங்கள்.

18. வரியில எவ்வளவு மிச்சம்?

நிறைய. ஜி.எஸ்.டி. கரண்ட் காருக்கு 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல் காருக்கு 40 சதவீதம். இது ஷோரூம் விலையிலேயே அடங்கிவிடும். அதற்கு மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், அதாவது 50 லட்சம் ரூபாய் பெட்ரோல் காருக்குச் சுமார் 10 லட்சம். கரண்ட் வண்டிக்கு இந்த வரி விலக்கு அரசாணை மூலம் தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. பதிவு செய்யும் நாளில் அமலில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள், ஷோரூம்காரர் வாய்வார்த்தை போதாது.

19. இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினைக் கெடுக்குமா?

எத்தனாலில் லிட்டருக்கு பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் சுத்த பெட்ரோலை விட 6, 7 சதவீதம் சக்தி குறையும், மைலேஜும் அந்த அளவு விழும். இன்ஜின் தட்டுவதை அது குறைக்கும் என்பது நல்ல பக்கம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகள் இதற்கேற்ற ரப்பர், குழாய்களோடு வருகின்றன. அதற்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் இறக்குமதிக் கார் வாங்குகிறீர்கள் என்றால் டேங்க் மூடி உள்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

20. பத்து வருஷம் கழிச்சு வித்தா எது விலை போகும்?

இன்றைய நிலைமையில் பெட்ரோல். கரண்ட் வண்டியின் தொழில்நுட்பம் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால் பழையது சட்டென்று மலிகிறது. அதை எதிர்ப்பக்கமிருந்து பாருங்கள்: மூன்று வருஷம் ஓடிய கரண்ட் வண்டி வாங்குகிறவருக்கு லாபம். பேட்டரி ஆரோக்கிய அறிக்கையைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எடுத்துத் தரச் சொல்லுங்கள், உத்தரவாதம் இரண்டாவது ஓனருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள், லிஃப்டில் ஏற்றி அடித்தகட்டை நீங்களே பாருங்கள்.

21. நான் துபாய்ல இருக்கேன் மாமா, வருஷத்துல 30 நாள்தான் ஊருக்கு வருவேன். எனக்கு எது?

மருமகனே, 4-ஆம் கேள்வியில் வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது என்று கேட்டேன். உன் விஷயத்தில் 11 மாதம் எங்கே நிற்கிறது, யார் பார்த்துக்கொள்வார் என்று கேட்க வேண்டும். பெட்ரோல் வண்டி சும்மா நின்றால் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரம் இழுக்கும், சின்ன பேட்டரி செத்துப்போகும், டயர் ஒரே இடத்தில் தட்டையாகும். கரண்ட் வண்டியை 50 சதவீதத்தில் விட்டுப் போனால் பெரிய பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதிலும் 12 வோல்ட் சின்ன பேட்டரி இருக்கிறது, அது இறங்கினால் கதவே திறக்காது.

வீட்டில் அப்பாவோ தங்கையோ வாரம் ஒரு தடவை ஓட்டுவார்கள் என்றால் கரண்ட் எடு. கிளட்ச் இல்லை, பங்குக்குப் போக வேண்டாம், அப்பாவும் தைரியமாக ஓட்டுவார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுச் சாவியைக் கொடு. ஓட்ட ஆளே இல்லை, மூடிப்போட்டுத்தான் கிடக்கும் என்றால் இப்போதைக்கு எதுவும் வாங்காதே. வருகிற 30 நாளுக்கு வாடகைக்கு எடு, ஆரியங்காவு போக என் வண்டியை நானே தருகிறேன்.